பக்கத்து வளவுக் கிணறு

வன்னியில் ஒருவருக்கு ஈரல் வருத்தம் என்று கேள்விப்பட்டால், அடுத்ததாக எழும் கேள்வி பெரும்பாலும் "ஆள் குடிக்கிறவரோ?" என்பதுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. மதுவால் ஈரல் கெட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஹெபற்றைற்றிஸ் வைரசுகளும், நீரிழிவோடும் உடற்பருமனோடும் வரும் ஈரல் கொழுப்பும்கூட மருத்துவர்கள் நாளாந்தம் காணும் காரணங்கள். ஆனால் மதுவைத் தொட்டே அறியாத ஒரு தாய்க்கு மண்ணீரல் வீங்கி ஒருநாள் இரத்த வாந்தி வரும்போது, அந்தக் கேள்வி அவரை இரண்டாவது தடவையாக நோகடிக்கிறது. காரணங்களைத் தேடும் பட்டியலில் அவர் இத்தனை ஆண்டுகள் குடித்த தண்ணீருக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. அந்த இடத்தை மருத்துவர் மட்டும் கொடுத்துவிட முடியாது. கிணறு வைத்திருக்கும் நாமும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும்.

ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கண்ணாடி போலத் தெளிந்த, நாவுக்கு இனிக்கிற நல்ல தண்ணீரிலும் அது இருக்கலாம். மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே இருக்கும் இந்தத் தனிமம் சில நிலத்தடிச் சூழல்களில் கரைந்து நீரோடு சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1993 முதல் குடிநீருக்குச் சொல்லிவரும் எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது, ஓர் இலட்சம் லீற்றர் நீரில் ஒரு கிராம். இலங்கையின் குடிநீர்த் தரமும் இதே எல்லையைத்தான் வைத்திருக்கிறது. இவ்வளவு சிறிய அளவை அம்மம்மாவின் நாக்கும் அறியாது, கமக்காரரின் அனுபவமும் அறியாது. ஆய்வுகூடம்தான் அறியும்.

ஈரலுக்கு இது என்ன செய்யும் என்பதை உலகம் பெருமளவில் நமக்கு அருகில் இருக்கும் வங்காளத்திடமிருந்தே கற்றது. 1983இல் கல்கத்தாவின் வெப்பவலய மருத்துவக் கல்லூரியில் தோல் மருத்துவர் கே. சி. சாகா, உடலில் மழைத்துளி தெறித்தாற்போன்ற புள்ளிகளோடும் உள்ளங்கை, உள்ளங்கால் தடித்தும் வந்த கிராமத்தவர்களைப் பார்த்தார். அவர்கள் குழாய்க் கிணற்று நீரைக் குடித்தவர்கள். தோலில் தெரிந்தது மேற்பரப்பு மட்டும்தான் என்பதைப் பின்னர் அதே நகரின் வயிற்று, ஈரல் நோய் நிபுணர் டி. என். குகா மஜும்தார் பல ஆண்டு உழைப்பால் காட்டினார். அவருடைய குழு பரிசோதித்த, நீண்டகால ஆர்சனிக் நச்சுக்குள்ளான 248 நோயாளர்களில் 190 பேருக்கு ஈரல் வீங்கியிருந்தது. ஈரலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கப்பட்ட 69 பேரில் 63 பேருக்கு, குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் வாயில் நாளத்தின் கிளைகளைச் சுற்றி நார்த்தடிப்பு இருந்தது. அதற்கு முன்பே, 1979இல், சண்டிகார் மருத்துவர்கள் காரணம் தெரியாத இவ்வகை ஈரல் நோய்க்கு ஆர்சனிக் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 'கட்' (Gut) மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள்.

ஈரல் ஏன் இதில் அகப்படுகிறது? உடலுக்குள் வரும் ஆர்சனிக்கை வேதிமாற்றம் செய்து சிறுநீரோடு வெளியேறக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை பெரும்பாலும் ஈரலுடையது. அந்த வேலைக்கு அது தன் கையிருப்பில் உள்ள குளுட்டதயோன் போன்ற காப்புப் பொருட்களைச் செலவழிக்கிறது. நாள் தவறாமல், ஆண்டு தவறாமல் இந்தச் செலவு தொடரும்போது ஈரற் கலங்கள் காயப்படுகின்றன, காயம்பட்ட இடத்தில் நார் படிகிறது. நார் படிந்த இடத்தில் இரத்தம் இலகுவாகச் செல்ல முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. மண்ணீரல் பெருக்கிறது, உணவுக் குழாயின் அடியில் நாளங்கள் புடைக்கின்றன. அவற்றில் ஒன்று வெடித்தால்தான் வீட்டாருக்கு வருத்தம் தெரியவருகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடியால் வரும் ஈரற் சுருக்கத்தைப் போலன்றி, இங்கே ஈரலின் தொழிற்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகள் நெடுங்காலம் ஏறக்குறையச் சரியாகவே வரக்கூடும். போதிய புரதமும் இலைக்கறியும் உண்ணாத உடலில் ஆர்சனிக்கை வெளியேற்றும் வேலை மந்தமாகிறது. ஏழை வீட்டை இது கூடுதலாகத் தாக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆர்சனிக் கலந்த நீரை நெடுங்காலம் குடித்தவர்களுக்குத் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவது உறுதியாக நிறுவப்பட்டுவிட்டது. ஈரற் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

இது வங்காளத்தின் கதைதானே, முல்லைத்தீவு மாவட்டத்து உடையார்கட்டுக்கு என்ன வந்தது என்று கேட்பது நியாயம்தான். உடையார்கட்டுக் கிணறுகளில் ஆர்சனிக் இருக்கிறது என்று இக்கட்டுரை சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் இருக்கிறது என்பதும் தவறு, இல்லை என்பதும் தவறு. ஆனால் அளந்து பார்ப்பதற்குப் போதிய காரணம் உண்டு. 2018இல் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜேர்மனிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, மன்னார்த் தீவின் ஆழமற்ற மணற்படுக்கை நீரில் சில இடங்களில் ஆர்சனிக் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருந்ததைக் காட்டியது. அங்கே அதைக் கொட்டிய தொழிற்சாலை எதுவுமில்லை. மணலின் மேற்பூச்சில் ஒட்டியிருந்தது நீரின் வேதிநிலை மாறும்போது கழன்று கரைகிறது, அவ்வளவுதான். முல்லைத்தீவின் கரையோரமும் மணல் நிலம்தான். உடையார்கட்டு சற்று உள்ளே தள்ளி, குளமும் வயலுமாக இருக்கும் ஊர். நிலத்தடி இங்கே வேறுபடலாம். ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் இடையிலேயே ஆர்சனிக்கின் அளவு தலைகீழாக மாறக்கூடும் என்பதும் வங்காளம் சொல்லித்தந்த பாடம். ஆகவே மன்னாரை வைத்து உடையார்கட்டைத் தீர்மானிக்க முடியாது. பக்கத்து வீட்டுக் கிணற்றை வைத்து நம் கிணற்றையும் தீர்மானிக்க முடியாது.

இலங்கையில் ஆர்சனிக் என்ற சொல் பரவலாகக் காதில் விழுந்தது சிறுநீரக நோயோடுதான். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்தில் காணப்பட்டு, பின்னர் வவுனியா, முல்லைத்தீவு உட்படப் பல மாவட்டங்களிலும் அறியப்பட்ட காரணம் தெளிவற்ற சிறுநீரக நோய்க்கு ஆர்சனிக்கே காரணம் என்று 2011இல் களனி, ரஜரட்டைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் சொன்னார்கள். விவசாய இரசாயனங்களை அவர்கள் சுட்டினார்கள். 2013இல் வெளியான, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு கட்மியத்தைக் கூடுதலாகச் சுட்டியது. வேறு சிலர் கடின நீரையும் புளோரைட்டையும் சுட்ட, இன்னும் சிலர் வெயிலில் நீரின்றி உழைப்பதைச் சுட்டினார்கள். 2015இல் கிளைபோசேற் களைநாசினி தடைசெய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரமே ஓரிரவில் நிறுத்தப்பட்டபோது, சொல்லப்பட்ட காரணங்களில் மக்களின் உடல்நலமும் ஒன்று. அந்தக் காலபோகத்தில் உரமில்லாமல் வயலில் நின்ற கமக்காரர்களுக்கு அந்த முடிவின் விலை தெரியும். ஆண்டு முடிவதற்குள் அது திரும்பப் பெறப்பட்டது.

இந்த வரலாற்றில் இரு தரப்புக்கும் கேட்கத்தக்க நியாயம் இருக்கிறது. "மருந்தும் உரமும் நிலத்தை நஞ்சாக்குகின்றன" என்பவர் வெறும் கற்பனையில் பேசவில்லை. சில பொசுபேற்று உரங்களில் சிறிதளவு ஆர்சனிக்கும் கட்மியமும் இருப்பது உண்மை. "உரமில்லாமல் என் வயல் விளையாது, கடனை யார் கட்டுவது?" என்று கேட்கும் கமக்காரரும் தன்னலத்தில் பேசவில்லை. அவருடைய நெல்லில்தான் நாம் சோறு தின்கிறோம். இருவரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. மண்ணைச் சோதித்து, கமநல சேவை நிலையம் சொல்லும் அளவோடு உரம் போடுவது, கிருமிநாசினிப் போத்தலையும் தெளிகருவியையும் கிணற்றடியிலோ குளக்கட்டிலோ கழுவாமல் இருப்பது, வெறும் போத்தல்களை ஊருக்கென ஓரிடத்தில் சேர்ப்பது. இதற்கு எந்த வாதத்திலும் எவரும் தோற்க வேண்டியதில்லை.

போரைப் பற்றிய ஐயமும் இருக்கிறது. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் சுதந்திரபுரமும் வள்ளிபுனமும் இருந்தன. அங்கே என்ன விழுந்தது என்பதை அந்த ஊரவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வந்தபோது கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவதே பல குடும்பங்களின் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்த மண்ணும் தண்ணீரும் மாறிவிட்டனவோ என்ற கேள்வி அவர்களிடம் இருப்பதைப் பயப்பிராந்தி என்று தள்ளிவிடுவது மரியாதையில்லை. அதேவேளை, வருகிற ஒவ்வொரு வருத்தத்துக்கும் போரே காரணம் என்று முடிவெடுத்துவிட்டால் சிகிச்சை பெற வேண்டியவர் பெறாமல் போவார். ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களையும் ஆர்சனிக்கையும் ஒரே போத்தல் நீரில் அளக்கலாம். அளந்தால் ஐயம் உறுதியாகும் அல்லது நீங்கும். இரண்டுமே மக்களுக்கு நன்மைதான்.

சோதனைக்குத் தயங்குபவர்களின் குரலையும் கேட்க வேண்டும். ஊரின் பெயர் கெட்டுப்போகும், நெல்லுக்கு விலை விழும், காணியை யாரும் வாங்க மாட்டார்கள், பிள்ளைகளின் கல்யாணப் பேச்சும் தடைப்படும் என்கிறார்கள். இவை சிறிய கவலைகள் அல்ல. அதிகாரிகள் தரப்பிலும் தயக்கம் உண்டு. உறுதிப்படாத ஒரு முடிவைச் சொல்லிவிட்டு மாற்றுத் தண்ணீர் கொடுக்க முடியாமல் நிற்பது எந்தப் பொறுப்பான உத்தியோகத்தருக்கும் கடினம். ஆனால் மௌனத்துக்கும் விலை உண்டு என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கண்டோம். மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் ஒரு குழு ஒன்று சொல்ல, இன்னொரு குழு வேறொன்று சொல்ல, எந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபாய் செலுத்தும்படி பணித்தது. அந்தத் தீர்ப்பு வர நான்கு ஆண்டுகள் எடுத்தது. ஒரு கிராமம் தன் தண்ணீரை அறிந்துகொள்ள அத்தனை காலம் காத்திருக்கக் கூடாது.

வங்காளதேசத்தில் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1970களில் அங்கே குளத்து நீரைக் குடித்து வயிற்றோட்டத்தால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். அரசும் யுனிசெப்பும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. நோக்கம் நல்லது, பல உயிர்களும் காப்பாற்றப்பட்டன. ஆனால் அந்த நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1992இல் அங்கு நிலத்தடி நீரை ஆராய்ந்த பிரித்தானியப் புவியியல் ஆய்வகமும் அதை அளக்கவில்லை. அடுத்த ஆண்டே ஆர்சனிக் கண்டறியப்பட்டது. பாதிக்கப்பட்டவர் ஒருவர் தொடுத்த வழக்கு பிரித்தானியப் பிரபுக்கள் சபை வரை சென்று, 2006இல் தள்ளுபடியானது. யார் குற்றவாளி என்ற விசாரணை அத்தோடு நின்றது. ஆனால் ஊர்களில் வேறொரு வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 50 இலட்சம் குழாய்க் கிணறுகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. அந்நாட்டின் எல்லையான 50 மைக்ரோகிராமைத் தாண்டிய சுமார் 14 இலட்சம் கிணறுகளின் வாய்க்குச் சிவப்புச் சாயம் பூசப்பட்டது, மற்றவற்றுக்குப் பச்சை.

பிறகு அரைகசார் என்ற பகுதியில் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அங்கே ஏறக்குறையப் பாதிக் கிணறுகள் நஞ்சுள்ளவை. இருந்தும் மிகப் பெரும்பாலான மக்களுக்கு ஒரு நல்ல கிணறு 100 மீற்றருக்குள்ளேயே இருந்தது. அதாவது, தீர்வின் பெரும் பங்கு ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது, அடுத்த வீட்டு வளவில். கோடிக்கணக்கான பணமும் வெளிநாட்டு இயந்திரமும் வருவதற்கு முன்பே, ஒருவர் தன் படலையைத் திறந்து "வந்து அள்ளிக்கொண்டு போங்கோ" என்று சொல்வதே பல ஈரல்களைக் காப்பாற்றியது. எல்லோரும் அப்படிச் சொல்லிவிடவில்லை என்பதும் உண்மை. நம் சமூகத்திலும் கிணற்றடி எல்லோருக்கும் திறந்திருக்காத காலம் ஒன்று இருந்தது. இடப்பெயர்வில் ஒரே பவுசரின் முன் வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகும் விருப்பம் இருக்காது என்று நம்புகிறேன்.

ஆர்சனிக் உள்ள நீரைப் பற்றி வீடுகளில் நிலவும் சில நம்பிக்கைகளைத் திருத்திக்கொள்வது அவசரமானது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரீன் போட்டாலும் நீங்காது. மண் வடியும் துணி வடியும் தெளிவைத் தரும், ஆர்சனிக்கை எடுக்காது. இரும்புத் துகள் சார்ந்த வடிகட்டிகள் எடுக்கும். வங்காளதேசத்தைச் சேர்ந்த அபுல் உசாம் என்ற வேதியியலாளர் உருவாக்கிய 'சோனோ' வடி இதற்காகவே 2007இல் பெரும் பரிசு பெற்றது. குளிக்கவும் துணி துவைக்கவும் அதே நீரைப் பயன்படுத்தலாம், தோல் வழியாக உள்ளே போவது மிகச் சொற்பம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் மாற்று நீர் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது நாளுக்குச் சில குடங்கள்தான் என்பதால், இதை ஓர் ஊரால் சமாளிக்க முடியும்.

வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில கிராமங்களில் சிறுநீரக நோய்க்காக நிறுவப்பட்ட ஆர்.ஓ. நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் பற்றியும் இரு கருத்து இருக்கிறது. அவை நம்பிக்கையைக் கொடுத்தன, பலர் அங்கிருந்தே தண்ணீர் எடுக்கிறார்கள். கழிவு நீர் எங்கே போகிறது, மென்படலத்தை உரிய காலத்தில் மாற்றுகிறார்களா, மாதக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களும் சரியான கேள்விகளையே கேட்கிறார்கள். என் கணிப்பில், ஆர்.ஓ. நிலையம் நல்ல இரண்டாவது தெரிவு. முதல் தெரிவு, சோதித்து நல்லதென்று கண்ட கிணறும் மாரியில் கூரையிலிருந்து சேர்க்கும் மழைநீரும். கார்த்திகை, மார்கழியில் நமக்குக் கிடைக்கும் மழையில் ஆர்சனிக் இல்லை. மூடிய தொட்டியும், முதல் மழையை வெளியே விடும் குழாயும் இருந்தால் போதும். நீண்டகாலத் தீர்வாகக் குழாய்வழிக் குடிநீரைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கேட்டுக்கொண்டே இருப்பதும் நம் உரிமை. அது வரும்வரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் இது ஒருவர் கையால் ஆகிற வேலையல்ல. கிராம அலுவலரிடம் குடும்பங்களின் பட்டியல் இருக்கிறது. எந்தக் கிணறு எப்போது வெட்டியது, எத்தனை அடி, கோடையில் வற்றுமா என்பது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்களுக்குத் தெரியும், தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தானே. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மாதிரி எடுக்கும் முறை தெரியும். பிரதேச சபையிடம் வாகனம் உண்டு. உயர்தர மாணவர்களால் வரைபடம் போட முடியும். புலம்பெயர்ந்து வாழும் ஊரவர் சங்கங்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் தாராளமாகத் தருகின்றன. ஆய்வுகூடக் கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களிடம் கேட்பதில் வெட்கமில்லை. அரசு செய்ய வேண்டிய வேலைக்கு மக்கள் ஏன் பணம் போட வேண்டும் என்ற கேள்வியும் சரியானதே. ஊர் ஆரம்பித்து வைத்த வேலையை அரசு தொடர வேண்டும், மறுசோதனைச் செலவு சுகாதாரத் துறையின் ஆண்டுத் திட்டத்துக்குள் வர வேண்டும். முடிவுகள் கோப்புக்குள் தங்கிவிட்டால் கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பரஸ்பர நம்பிக்கை இருந்தால் அந்தச் சட்டத்தை நாடவே வேண்டியிராது.

முடிவுகளை அறிவிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் அந்த வீட்டாரிடம் நேரில், சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் உடனிருந்து சொல்ல வேண்டும். "உங்கள் கிணறு குடிக்க உதவாது" என்று சொல்லும் அதே இருப்பில் "இந்த வளவில் நல்ல கிணறு இருக்கிறது, அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்" என்றும் சொல்ல முடிய வேண்டும். சம்மதத்தை முன்கூட்டியே, முடிவு எவருக்கும் தெரியாத நேரத்திலேயே, ஊர்க் கூட்டத்தில் வாங்கிவைப்பது நல்லது. யாருடைய கிணறு எப்படி வரும் என்று தெரியாதபோது கொடுக்கும் வாக்கில் பேரம் இருக்காது. பத்து ஆண்டுக்கு மேல் நஞ்சு நீர் குடித்ததாகத் தெரியவரும் குடும்பங்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக மருத்துவமனைக்கு அனுப்பி, தோல், ஈரல், மண்ணீரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இதற்கு மந்திர மருந்து இல்லை, முதல் சிகிச்சை தண்ணீரை மாற்றுவதுதான். மாற்றிய சில வாரங்களிலேயே சிறுநீரில் ஆர்சனிக் குறைந்துவிடும். ஈரலில் படிந்த நார் அவ்வளவு எளிதில் போவதில்லை. ஆர்சனிக் கொண்ட பாடாணம் சேர்ந்த நாட்டு மருந்து எதையாவது நெடுநாள் உட்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிறுபோக அறுவடைக்கும் மாரி தொடங்குவதற்கும் இடையில், கிணற்று நீர் அடியில் நிற்கும் அந்த இடைவெளி முதல் சோதனைக்கு ஏற்றது. மழைக்குப் பின் தை மாதத்தில் அதே கிணறுகளை இரண்டாவது தடவை பார்க்க வேண்டும். பாடசாலைக் கிணற்றிலும் மருத்துவமனைக் கிணற்றிலும் தொடங்கலாம், கூடுதலான பிள்ளைகளும் நோயாளர்களும் குடிப்பது அங்கேதான். சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்ப வேண்டும். குழாய்க் கிணறாயின் சில நிமிடங்கள் இறைத்த பிறகே பிடிக்க வேண்டும். கிணற்றின் ஆழம், வெட்டிய ஆண்டு, திகதி ஆகியவற்றைப் போத்தலிலும் பதிவேட்டிலும் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டின் ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் இன்னொரு பிரதி ஊரிலும், எவரும் கேட்டுப் பார்க்கக்கூடியதாக, மாதர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கட்டும்.